முழங்கால் தேய்மானம்: வலி மருந்துகளை எப்படி, எவ்வளவு, எத்தனை நாள் எடுப்பது

"மூட்டுல கிரீஸ் வத்திப்போச்சு." முழங்கால் வலி என்றதும் நம் ஊரில் கிடைக்கும் முதல் விளக்கம் இதுதான். கேட்கச் சுலபம். ஆனால் இதை நம்பிவிட்டால், கிரீஸ் ஊற்றும் மாத்திரையைத் தேடி மாதக்கணக்கில் காசைக் கரைப்போம். அப்படி ஒரு மாத்திரை இதுவரை வரவில்லை.

மூட்டில் நடப்பது வேறு. தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கும் முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். அதற்கு நரம்பும் கிடையாது, ரத்தக்குழாயும் கிடையாது. ஆகவே அது தேய்வது மட்டும் வலிப்பதில்லை. வலிப்பது அதற்கு அடியில் இருக்கும் எலும்பு, வீங்கிப்போன உள்சவ்வு, இழுபடும் மூட்டு உறை, ஓரங்களில் முளைக்கும் எலும்பு முட்கள் உறுத்துகிற இடங்கள். எக்ஸ்ரேயில் நாலாம் நிலை என்று எழுதப்பட்டவர் சந்தைக்கு நடந்து போய்வருவதும், இரண்டாம் நிலைக்காரர் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவதும் இதனால்தான். எக்ஸ்ரேயைப் பார்த்து மருந்தின் அளவை முடிவு செய்யாதீர்கள். வலியையும், எதைச் செய்ய முடியவில்லை என்பதையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதலில், இது தேய்மானம்தானா?

வயது 45-ஐத் தாண்டியிருக்கிறது, நடந்தால் வலிக்கிறது, உட்கார்ந்தால் குறைகிறது, காலையில் எழுந்ததும் இருக்கும் இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது என்றால் பெரும்பாலும் தேய்மானம்தான். இதைச் சொல்ல எம்ஆர்ஐ தேவையில்லை. எக்ஸ்ரே எடுப்பதானால் நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள். படுத்து எடுத்தால் எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி உள்ளதைவிட அகலமாகத் தெரியும்.

காலை இறுக்கம் ஒரு மணி நேரம் நீடித்து, இரண்டு கை விரல்களின் நடுக்கணுக்களும் மணிக்கட்டும் வீங்கினால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. வலி மாத்திரையால் ஓட்டிக்கொண்டிருந்தால் மூட்டு அழிந்துவிடும். ஒரே ராத்திரியில் மூட்டு சிவந்து, சூடாகி, தொட முடியாமல் போனால், அதுவும் காய்ச்சலோடு வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், யூரிக் ஆசிட்டால் வரும் கவுட்டாகவும் இருக்கலாம்.

மாத்திரைக்கு முன்னால் ஒரு நோட்டு

எந்த மருந்தைத் தொடங்குவதற்கு முன்னும் மூன்று நாள் வலியைக் குறித்து வையுங்கள். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. கூடவே ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை முறை எழ முடிகிறது? மருந்து தொடங்கி இரண்டு வாரம் கழித்து அதே இரண்டையும் மறுபடி பாருங்கள். வலி 7-லிருந்து 6 ஆனது, எழுவது அப்படியே இருக்கிறது என்றால் அந்த மருந்து உங்களுக்கு வேலை செய்யவில்லை. "கொஞ்சம் பரவாயில்ல மாதிரி இருக்கு" என்ற ஒரு வாக்கியத்தை நம்பி வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்கள் ஏராளம்.

ஒரு சமயத்தில் ஒரு மருந்தை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாகத் தொடங்கினால் எது கேட்டது, எது வயிற்றைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் மருந்து தோலின் மேல்

முழங்கால் தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் மூட்டு. அதனால் டைக்ளோஃபெனாக் ஜெல்லைத்தான் முதலில் முயற்சி செய்ய வேண்டும். மாத்திரையாகச் சாப்பிடும்போது ரத்தத்தில் சேருவதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் ஜெல்லில் சேருகிறது. வயிறும் சிறுநீரகமும் அந்த அளவுக்குத் தப்பிக்கும். இடுப்பு மூட்டுக்கு இது பயன்படாது, அது ஆழத்தில் இருக்கிறது.

ஜெல் கேட்காமல் போவதற்கு முக்கியக் காரணம், பட்டாணி அளவு எடுத்துத் தடவுவதுதான். ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு முழு அளவு 4 கிராம். கண்ணால் அளப்பதென்றால், டியூபை அழுத்தி உள்ளங்கையில் பிதுக்கும் கோடு சுமார் 11 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். மணிக்கட்டு மடிப்பிலிருந்து விரல்கள் தொடங்கும் இடம் வரை ஒரு கோடு போட்டால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். அதை முட்டிச் சில்லுக்கு மேலே, கீழே, இரு பக்கமும், பின்னாலும் பூசுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை, தோலில் பரவினால் போதும். பத்து நிமிடம் காய விட்டு உடுத்துங்கள், ஒரு மணி நேரம் கழுவாதீர்கள், கையை மட்டும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மேலே கிரேப் பேண்டேஜ் சுற்றுவதும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் கூடாது. மருந்து கூடுதலாக உள்ளே போகும், தோலும் வெந்துபோகும்.

கணக்கு எங்கே இடிக்கும் என்பதும் தெரியட்டும். ஒரு நாளைக்கு நான்கு வேளை என்றால் ஒரு காலுக்கே 16 கிராம். 30 கிராம் டியூப் இரண்டு நாளைக்குக்கூட வராது. இரண்டு காலுக்கும் இப்படிப் போட எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அதிகம் வலிக்கிற காலை மட்டும் எடுத்துக்கொண்டு, காலை, மாலை, படுக்கும் முன் என மூன்று வேளை முறையாகப் போடுவது, இரண்டு காலிலும் பேருக்குத் தடவுவதைவிட மேல். இரண்டு வாரம் விடாமல் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடையில் "வலி ஜெல்" என்று கேட்டால் கொடுப்பதெல்லாம் டைக்ளோஃபெனாக் அல்ல. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். வெறும் மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் மட்டும் இருந்தால் அது குளிர்ச்சியும் எரிச்சலும் தந்து வலியை மறக்கடிக்கும் தைலம், அவ்வளவுதான். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் மெத்தில் சாலிசிலேட் உள்ளதைத் தினமும் பூசக் கூடாது.

மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் 0.025 சதவீத கிரீமும் முழங்காலுக்கு உதவும். நாளைக்கு நான்கு வேளை, பட்டாணி அளவே போதும். முதல் வாரம் எரியும். அதற்குப் பயந்து விட்டுவிட்டு விட்டுவிட்டுப் போட்டால் எரிச்சல் நிற்கவே நிற்காது. பலன் தெரிய இரண்டு வாரம் பிடிக்கும். தடவிய கையால் கண்ணைத் தொட்டால் என்னாகும் என்று பச்சை மிளகாய் நறுக்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாராசிட்டமால்: எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்

பாராசிட்டமால் தேய்மான வலிக்குப் பெரிதாகக் கேட்பதில்லை என்பது இப்போது தெளிவாகத் தெரிந்த விஷயம். ஆனாலும் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய் என்று மற்ற மருந்துகளின் கதவு அடைபட்டவர்களுக்குக் கைவசம் இருப்பது இதுதான். நடைக்கோ உடற்பயிற்சிக்கோ அரை மணி முன்னதாக ஒன்று போடுவது நல்ல உபயோகம். ஒரு நாளைய உச்ச வரம்பு 4 கிராம். தொடர்ந்து எடுப்பதானால் 3 கிராமோடு நிறுத்துங்கள். 50 கிலோவுக்குக் குறைந்த எடை, தினசரி குடி, ஈரல் நோய் இருந்தால் இன்னும் குறைவு. மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது பாருங்கள். ஜீரோடால்-பி என்ற மாத்திரையின் அட்டையைத் திருப்பினால் அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. என்று இரண்டு வரி இருக்கும். இதை இருவேளை சாப்பிடுகிறவர் 650 மி.கி. பாராசிட்டமாலை ஏற்கெனவே உள்ளே அனுப்பிவிட்டார். "காய்ச்சலா இருக்கு" என்று டோலோ 650 மூன்று வேளை: 1,950. மூக்கடைப்புக்கு வாங்கிய சளி மாத்திரையில் 500 இருந்து, அதையும் மூன்று வேளை போட்டால் 1,500. மொத்தம் 4,100. ஒரு மாத்திரைகூட அளவு மீறவில்லை, ஆனால் வரம்பைத் தாண்டியாகிவிட்டது. பெயரைப் பார்க்காதீர்கள், பெயருக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தைப் பாருங்கள்.

வீக்கம் குறைக்கும் வலி மாத்திரைகள்

ஐபுபுரூஃபன், நேப்ராக்சன், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப். பெயர்கள் பல, குடும்பம் ஒன்று. உடலில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை இவை தடுக்கின்றன. ஜான் வேன் 1971-ல் இதைக் கண்டுபிடித்து, 1982-ல் நோபல் பரிசு பெற்றார். சிக்கல் என்னவென்றால், இரைப்பையின் உள்தோலைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியைத் திறந்துவைப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். வலியைத் தடுக்கும்போது காவலையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறோம்.

தேய்மானத்துக்கு வழக்கமான அளவுகள்: ஐபுபுரூஃபன் 400 மி.கி. மூன்று வேளை வரை. நேப்ராக்சன் 250 முதல் 500 மி.கி. இருவேளை, அசெக்ளோஃபெனாக் 100 மி.கி. இருவேளை, டைக்ளோஃபெனாக் 50 மி.கி. இரண்டு அல்லது மூன்று வேளை. செலிகாக்சிப் ஒரு நாளைக்கு 200 மி.கி.; எட்டோரிகாக்சிப் 30 அல்லது 60 மி.கி. ஒரு வேளை. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். கடையில் எளிதாகக் கிடைப்பது 90-உம் 120-உம். 120 என்பது கவுட் தாக்கும்போது அதிகபட்சம் 8 நாளைக்கு மட்டும் கொடுப்பது. தேய்மானத்துக்கு 60-ஐத் தாண்டினால் வலி கூடுதலாகக் குறையாது, ரத்த அழுத்தம்தான் ஏறும். அழுத்தம் 140/90-க்குள் கட்டுப்படாதவர்கள் எட்டோரிகாக்சிப்பைத் தொடவே கூடாது.

இவற்றில் எது நல்லது என்று கேட்டால், உங்கள் வயிறும் இதயமும் எப்படி இருக்கின்றன என்ற எதிர்க்கேள்விதான் பதில். வயிறு பலவீனமானவருக்குச் செலிகாக்சிப் வகை மென்மையானது. ஆனால் அதே வகையைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டியதால் 2004-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. ஏற்கெனவே மாரடைப்பு, ஸ்டென்ட், பக்கவாதம், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் இந்தக் குடும்பத்தையே முடிந்தவரை தவிர்ப்பது உத்தமம். நிமெசுலைடு ஈரலைக் கெடுக்கக்கூடியது. மாதக்கணக்கில் நீளும் நோய்க்கு அது ஏற்றதே அல்ல.

ஒன்று கேட்கவில்லை என்றால் அதை நிறுத்திவிட்டு அதே குடும்பத்தில் வேறொன்றுக்கு மாறலாம். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. வலி கூடுதலாகக் குறையாது. வயிற்றில் ரத்தக்கசிவுக்கு வழி மட்டும் அகலமாகும்.

"சாப்பிட்டுட்டுப் போட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்பது பாதி உண்மை. சாப்பாடு வயிற்று எரிச்சலைக் குறைக்கும், புண்ணைத் தடுக்காது. புண் வருவது மாத்திரை இரைப்பையைத் தொடுவதால் மட்டுமல்ல, ரத்தத்தின் வழியாக அந்தக் காவலை எடுத்துவிடுவதால். அதே காரணத்தால் ஊசியாகப் போட்டாலும் புண் வரும். 65 வயதைத் தாண்டியவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40 அல்லது ஒமிபிரசோல் 20 மி.கி.யைக் காலை உணவுக்கு அரை மணி முன்பு சேர்த்தே எடுக்க வேண்டும். இட்லியோடு சேர்த்து விழுங்கினால் அதன் பலன் குறையும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பதால் அதையும் சொல்லுங்கள்.

இனி சிறுநீரகம். 1990-களில் இந்தியாவின் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தது டைக்ளோஃபெனாக்கால்தான். மாட்டுக்குப் போட்ட வலி ஊசி, அதன் சடலத்தைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை முடக்கியது. கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பது 2006-ல் தடைசெய்யப்பட்டது. மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசெக்ளோஃபெனாக்கும் 2023-ல் தடையானது. முதுமலை, மாயாறு பக்கம் இன்று எஞ்சியிருக்கும் கூட்டத்தை அதனால்தான் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். மனிதச் சிறுநீரகம் அவ்வளவு மென்மையானதல்ல. ஆனால் மூன்று மருந்துகள் ஒன்றுசேர்ந்தால் அதுவும் தடுமாறும்.

அந்த மூன்று இவை: டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை ஒன்று, ஹைட்ரோகுளோரோதயசைடு, ஃபியூரோசமைடு போன்ற நீர் பிரியும் மாத்திரை ஒன்று, கூட ஒரு வலி மாத்திரை. டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 இரண்டும் ஒரே மாத்திரையில் வருவது மிகச் சாதாரணம். ஆக, "பிரஷருக்கு ஒரே ஒரு மாத்திரைதான் சாப்பிடுறேன்" என்பவரும் மூன்றில் இரண்டை விழுங்கிக்கொண்டிருக்கலாம். மேலே வலி மாத்திரை ஏறினால், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் சில நாளிலேயே உயரலாம். வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் வெயிலில் நீர் வற்றுவது, விரதம் என்று வரும் நாட்களில் ஆபத்து இன்னும் அதிகம். அன்றைக்கு வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். இவர்களுக்கு மருத்துவர் வலி மாத்திரை எழுதினால், தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்க வேண்டும். பாத வீக்கமும் திடீர் எடை ஏற்றமும் எச்சரிக்கை மணி.

இதயத்துக்காக எக்கோஸ்பிரின் 75 (ஆஸ்பிரின்) சாப்பிடுகிறவர் ஐபுபுரூஃபனைத் தினமும் சேர்த்தால், ஆஸ்பிரின் ரத்தத்தட்டுகளில் உட்கார வேண்டிய இடத்தை ஐபுபுரூஃபன் பிடித்துக்கொள்ளும். இதயப் பாதுகாப்பு குறையும். குளோபிடோகிரல், வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்கு எந்த வலி மாத்திரையும் ரத்தக்கசிவு அபாயம்தான்.

இவ்வளவையும் கடந்து எடுப்பதென்றால், பலன் தரும் மிகக் குறைந்த அளவில், வலி கூடிய நாட்களுக்கு மட்டும், ஐந்து முதல் பத்து நாள் எடுத்து நிறுத்திப் பாருங்கள். தேய்மான வலி அலை போல ஏறி இறங்கும். இறங்கிய பிறகும் மாத்திரை தொடர்வதுதான் பலருக்கும் நடக்கிறது.

பழகிப்போன மற்றவை

மூட்டுக்குச் சத்து என்று விற்கப்படும் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் பற்றி 2006-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் வெற்று மாத்திரையைவிட இவை மேலாகத் தெரியவில்லை. மூன்று மாதம் சாப்பிட்டும் நோட்டில் எண் மாறாவிட்டால் நிறுத்துங்கள். அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்கலாம். இதோடு சேர்ந்து வரும் டயாசெரின் சிறுநீரை அடர் மஞ்சளாக்கும், பலருக்கு வயிற்றுப்போக்கு தரும். 65 வயதுக்கு மேல் அது வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் அறிவுறுத்தியது.

டுலோக்செடின் மனச்சோர்வுக்கான மருந்து என்று படித்துவிட்டு "எனக்கென்ன மனநோயா?" என்று தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. நாள்பட்ட வலியை நரம்பு மண்டலம் பெருக்கிக் காட்டுவதை அது குறைக்கிறது. 30 மி.கி.யில் ஒரு வாரம், பிறகு 60. முதல் சில நாள் குமட்டும், சாப்பாட்டோடு எடுத்தால் தாங்கலாம். திடீரென நிறுத்தக் கூடாது. வீரியமான வலி மருந்தான டிரமடாலோடு சேர்க்கவும் கூடாது. டிரமடாலோ தலைசுற்றல், மலச்சிக்கல், வயதானவர் கீழே விழுவது, பழக்கமாகிப்போவது என்று தேய்மானத்துக்குத் தருவதைவிட எடுப்பதே அதிகம்.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, பெரும்பாலும் டிரையாம்சினோலோன் 40 மி.கி., சில வாரம் நன்றாகக் கேட்கும். மகள் கல்யாணம் பத்து நாளில் வருகிறது, மூட்டோ வீங்கி நிற்கிறது என்ற நிலைமைக்கு ஏற்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது: வலியில் வித்தியாசமில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகக் கரைந்திருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும், வீட்டிலேயே அடிக்கடி பாருங்கள். முட்டி மாற்று அறுவை சிகிச்சை திட்டமிட்டிருந்தால் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் இந்த ஊசி வேண்டாம், கிருமித்தொற்று வாய்ப்பு கூடும். "ஜெல் ஊசி" எனப்படும் ஹயலுரானிக் அமில ஊசிக்கு ஆகும் செலவுக்கும் கிடைக்கும் பலனுக்கும் பொருத்தமில்லை.

மருந்து கேட்கும் நேரத்தில் செய்ய வேண்டியது

வலி குறைந்த அந்தச் சில மணி நேரத்தில்தான் தொடைத் தசையைப் பலப்படுத்த முடியும். தேய்மானத்துக்கு மாத்திரையின் உண்மையான வேலை அந்த இடைவெளியைத் திறந்துவிடுவது. கால் நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியால் துண்டைக் கீழே அழுத்தி 5 வினாடி பிடியுங்கள், பத்து முறை. பிறகு மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மறு காலை நேராக ஒரு அடி உயரம் தூக்கி 5 வினாடி, பத்து முறை. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்து முறை. காலை மாலை இரண்டு சுற்று. பயிற்சிக்குப் பின் வலி கொஞ்சம் கூடி மறுநாளுக்குள் அடங்கினால் சரி. மறுநாளும் தொடர்ந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறையும். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரம்தான் தடியின் உயரம். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். குந்தி உட்காரும் கழிப்பறை இருந்தால் மேலே வைக்கும் ஸ்டூல் ஒன்று வாங்குவது பல மாத்திரைகளை மிச்சப்படுத்தும்.

கடையில் நிற்கும்போது

"முட்டி வலிக்கு ரெண்டு வேளைக்குக் கொடுங்க" என்று கேட்டால், அட்டையிலிருந்து வெட்டிய நாலைந்து மாத்திரைகளை ஒரு காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். பெயர் பாதி வெட்டுப்பட்டிருக்கும். அந்த வெள்ளைக் குட்டி மாத்திரை டெக்ஸாமெத்தசோனாகவோ பிரெட்னிசோலோனாகவோ இருக்கலாம். இரண்டே வேளையில் வலி பறந்துவிடும். அதனால்தான் அடுத்த வாரமும் அதே கடைக்குப் போகத் தோன்றுகிறது. பெயரில்லாத மூட்டுவலிப் பொடிகளிலும் இதே ஸ்டீராய்டு கலப்படம் பிடிபட்டிருக்கிறது. முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு நொறுங்குவது எல்லாம் மெதுவாகப் பின்னால் வரும். மாதக்கணக்கில் இப்படிச் சாப்பிட்டவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. உடல் தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும், அழுத்தம் விழுந்து மயங்கிவிடலாம். மிச்சமுள்ள மாத்திரையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், படிப்படியாகக் குறைக்க வழி கேளுங்கள்.

சீட்டோடு போங்கள், முழு அட்டையாக வாங்குங்கள், பில் கேளுங்கள். மூலப்பெயர் எழுதிய சீட்டு இருந்தால் மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து மலிவாகக் கிடைக்கும்.